மூழ்கியது நிலமா, உயர்ந்தது கடலா?

கண்முன் நிற்கும் விளைவைக் கொண்டு கண்ணுக்கு எட்டாத காரணத்தை உறுதியாக அறிய முடியுமா என்பது, இந்தியத் தத்துவ மரபுகள் ஓயாமல் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. மாமல்லபுரக் கடற்கரையில் அந்த வினா ஏட்டுச் சுவடிக்குள் அடங்கியிருப்பதில்லை. இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கடற்கரைக் கோயில் அலையின் விளிம்பில் நிற்க, அதனோடு சேர்ந்து ஏழாக எண்ணப்பட்ட கோயில்களுள் ஏனையவை கடலுக்குள் போய்விட்டன என்ற வழக்கு தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. மூழ்கிய கோபுரங்களைப் பற்றி ஊர் முதியோர் சொன்னவற்றை வில்லியம் சேம்பர்ஸ் 1788ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். அதே ஊரின் வராக மண்டபத்திலோ, நீருக்குள் ஆழ்ந்துபோன நிலமகளைத் திருமால் பன்றி முகத்தோடு ஏந்தி எடுக்க, காலடியில் அலைகளின் நடுவிலிருந்து நாகராசன் எழுந்து வணங்கும் காட்சி பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. கடல் கொண்டதைப் பற்றிய நினைவும், கடலிலிருந்து மீண்டதைப் பற்றிய நம்பிக்கையும் அருகருகே வாழும் இந்த ஊரில், மூழ்கியது நிலமா, உயர்ந்தது கடலா, அன்றி இரண்டும் இருந்தபடி இருக்க இடையிலிருந்த கரைதான் கரைந்ததா என்று கேட்காமல் இருக்க முடியாது.

இதே வினாவைப் பவளத்திட்டுகளைப் பற்றி எழுப்பிக்கொண்ட புவியியல் அறிஞர்கள் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அந்த விவாதத்தின் வரலாறு கடலடிப் பாறைகளைப் பற்றிய செய்தியோடு முடிந்துவிடுவதில்லை. அனுமானம், அதாவது அறிந்த ஒன்றிலிருந்து அறியாத ஒன்றை உய்த்துணர்தல், எப்போது அறிவாகும், எப்போது வெறும் விருப்பமாக நின்றுவிடும் என்பதற்கு அதைப்போல் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சமய நம்பிக்கை உடையோரும் அதிலிருந்து கற்க வேண்டியது உண்டு.

பவளம் என்பது மென்மையான சிற்றுடல் கொண்ட ஒரு கடல்வாழ் உயிரி. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும் இயல்புடையது. பாறை எழுப்பும் பவள இனங்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலொளியைக் கொண்டு உணவு ஆக்கித் தருவதால், அவை வெதுவெதுப்பான, தெளிந்த, ஒளி புகும் ஆழமற்ற நீரில் மட்டுமே தழைக்கின்றன. எண்ணற்ற தலைமுறைகளின் கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியதே பவளத்திட்டு. பாலாறு வயலூருக்கருகே கொண்டுவந்து சேர்க்கும் வண்டலும், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓயாமல் நகரும் மணலும் நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் செங்கல்பட்டுக் கரையில் அத்தகைய திட்டுகள் வளரவில்லை. தமிழகத்தில் அவற்றைக் காண இராமேசுவரத்துக்கும், மீனவர்கள் ‘பார்’ என்று அழைக்கும் கடலடி மேடுகள் சூழ்ந்த மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் செல்ல வேண்டும். அவற்றின் முழுமையான வளைய வடிவத்தைக் காண அரபிக்கடலில் உள்ள இலட்சத்தீவுகளுக்குப் போக வேண்டும்.

பவளத்திட்டுகள் மூன்று வடிவங்களில் அமைகின்றன. நிலத்தை ஒட்டியே வளர்வது கரையோரத் திட்டு. கரைக்கும் தனக்கும் இடையே ஆழமான நீர்ப்பரப்பை விட்டுத் தள்ளி நிற்பது தடுப்புத் திட்டு. நடுவில் நிலமே இல்லாமல், ஆழமற்ற காயல் ஒன்றை வளையமாகச் சூழ்ந்து நிற்பது அடோல் எனப்படும் வளையத் திட்டு. மூன்றாவதுதான் அறிஞர்களைத் திகைக்க வைத்தது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள பெருங்கடலின் நடுவே அடோல்கள் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய உயிர்களோ ஒளி புகாத ஆழத்தில் வாழவே இயலாதவை. அப்படியானால் முதல் பவளம் எதன்மேல் கால் ஊன்றியது?

கடலுக்கடியில் உள்ள எரிமலைகளின் வாய்விளிம்பில் பவளம் வளர்ந்ததால்தான் வளைய வடிவம் உண்டாயிற்று என்று சார்லஸ் லயல் கருதினார். ஆனால் பல அடோல்கள் எந்த எரிமலை வாயைவிடவும் மிகப் பெரியவை. மேலும், அத்தனை எரிமலைகளும் கடல்மட்டத்துக்குச் சற்றே கீழே, ஒரே அளவில் வந்து நின்றன என்பது நம்பத்தக்கதாக இல்லை. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின், 1835ஆம் ஆண்டில் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் கரை பல அடி உயர்ந்திருப்பதைக் கண்டவர். ஓரிடத்தில் நிலம் உயருமானால் வேறோரிடத்தில் கடல்தளம் அமிழத்தான் வேண்டும் என்று எண்ணிய அவர், உண்மையான பவளத்திட்டு ஒன்றையும் பார்ப்பதற்கு முன்பே தம் கோட்பாட்டை வகுத்துக்கொண்டார். எரிமலைத் தீவு ஒன்றைச் சுற்றிக் கரையோரத் திட்டு வளர்கிறது. தீவு மெல்ல அமிழும்போது பவளம் ஒளியை நோக்கி மேலே கட்டிக்கொண்டே போவதால் அது தடுப்புத் திட்டாகிறது. தீவின் உச்சியும் மறைந்தபின் எஞ்சும் வளையமே அடோல். இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளை 1836ஆம் ஆண்டு ஏப்ரலில் நேரில் ஆராய்ந்த டார்வின், 1842ஆம் ஆண்டில் இதை நூலாக வெளியிட்டார். மூன்று தனித்தனி வகைகளாகத் தோன்றியவற்றை ஒரே வாழ்வின் மூன்று பருவங்களாகக் கண்டதுதான் அந்தக் கோட்பாட்டின் அழகு.

அழகு மட்டுமே ஒரு கருத்தை மெய்யாக்கிவிடாது என்பதை நியாய நூலார் நன்கு உணர்ந்திருந்தனர். காரியத்திலிருந்து காரணத்தை உய்த்துணர்வதை அவர்கள் சேஷவத் அனுமானம் என்றனர். ஆற்றில் வெள்ளம் பெருகியது கண்டு மேற்பகுதியில் மழை பெய்தது என அறிதல் அதற்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டு. நியாய சூத்திரமே அதற்கு ஒரு தடையையும் எழுப்புகிறது: எங்கோ நீர் தடைபட்டதாலும் வெள்ளம் பெருகலாமே, அப்படியிருக்க அனுமானம் எப்படி அறிவுக்கு வழியாகும்? பாலாற்றங்கரையில் வாழ்வோருக்கு இந்தத் தடையின் வலு எளிதில் விளங்கும். மேற்கே மழை பெய்தாலும் ஆறு பெருகும், ஏரிகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் ஏதேனும் ஓர் ஏரியின் கரை உடைந்தாலும் பெருகும். வாத்ஸ்யாயனரின் உரை தரும் விடை நுட்பமானது. வெறும் நீர்ப்பெருக்கு மழைக்குச் சான்றாகாது. விரைந்த ஓட்டமும் நுரையும், அடித்துவரப்படும் பழம், இலை, மரக்கட்டை முதலியனவும் சேர்ந்த குறிப்பிட்ட பெருக்கே மழையைக் காட்டும். தவறு அனுமானத்தில் இல்லை, பொதுவான அடையாளத்தைச் சிறப்பான அடையாளமாகக் கொண்டுவிட்டவரிடம் இருக்கிறது என்பது அதன் கருத்து.

சேஷவத் என்பதற்கு அதே உரை மற்றொரு விளக்கமும் தருகிறது: இயலக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சி நிற்பதைக் கொள்வது. டார்வினின் வாதத்துக்கு உயிர்நிலையாக இருந்தது இந்த விலக்கல் முறைதான். எண்ணற்ற மலையுச்சிகள் ஒரே மட்டத்தில் நின்றிருக்க முடியாது, கடல்தளம் எங்கும் அத்தனை உயரத்துக்கு வண்டல் குவிந்திருக்க முடியாது, ஆகவே அமிழ்தலே எஞ்சுகிறது என்று அவர் வாதிட்டார். விலக்கல் முறை முழுமை பெறுவதற்குக் காரணங்களின் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். டார்வினின் பட்டியலில் ஏறி இறங்கும் கடல்மட்டத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

எதிர்ப்பு வேறு திசையிலிருந்து முதலில் வந்தது. பலாவு தீவுகளை ஆராய்ந்த கார்ல் செம்பர், உயர்ந்த பவளப்பாறையும் வளையத் திட்டும் அங்கே அருகருகே இருப்பதைக் கண்டு, அமிழ்தல் ஒன்றே காரணம் என்பதை ஐயுற்றார். சேலஞ்சர் கப்பலின் 1872 முதல் 1876 வரையிலான ஆய்வுப் பயணத்தில் பங்குகொண்ட ஜான் மர்ரே, நுண்ணுயிர்களின் ஓடுகள் கடலடி மேடுகளின்மேல் படிந்து அவற்றை உயர்த்த, அங்கே தொடங்கும் பவளம் தன் சிதைவுகளையே அடித்தளமாக்கி வெளிப்புறமாகப் பரவுகிறது என்றும், நடுப்பகுதியைக் கடல்நீர் கரைப்பதால் காயல் உண்டாகிறது என்றும் 1880ஆம் ஆண்டில் வாதிட்டார். அவர் கோட்பாட்டுக்கு நிலம் அமிழத் தேவையில்லை. அலெக்சாண்டர் அகாசி பல ஆண்டுகள் பசிபிக் தீவுகளிலும் மாலத்தீவிலும் அலைந்து திரிந்து டார்வினுக்கு எதிரான சான்றுகளைத் திரட்டினார். 1887ஆம் ஆண்டில் ஆர்கைல் பிரபு, டார்வினின் பெயருக்கு அஞ்சியே அறிஞர்கள் மர்ரேயின் கருத்தை மௌனத்தால் மூடி மறைக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

அந்தக் குற்றச்சாட்டைப் பலர் மறுத்தார்கள். ஆயினும் அது தொட்ட சிக்கல் மெய்யானது. நம்பத்தக்கவரின் சொல்லை ஆப்த வாக்கியம் என்று இந்திய மரபும் ஓர் அளவையாக ஏற்கிறது. ஆனால் கண்டவர், கண்டதைக் கண்டபடி சொல்ல விரும்புபவர் என்பதால்தான் ஆப்தரின் சொல் அளவையாகிறதே ஒழிய, அவருடைய புகழால் அன்று. புகழ்பெற்றவரை எதிர்த்ததனாலேயே ஒருவர் சொன்னது மெய்யாகிவிடுவதும் இல்லை.

ஐயத்தின் இயல்பை இராமேசுவரத்தின் வடகரை கைக்கு எட்டும் தொலைவில் வைத்துக் காட்டுகிறது. அங்கே பாக்கு நீரிணையை நோக்கிய கரையோரமாக, இன்றைய அலைமட்டத்துக்கு மேலே, காய்ந்து இறுகிய பழைய பவளப்பாறை நிற்கிறது. இறந்த பவளங்கள் வளர்ந்த நிலையிலேயே அதில் பதிந்திருக்கின்றன. இப்பகுதியின் பவளப்பாறைகளைப் புரூஸ் புட் என்னும் புவியியல் அறிஞரும் ஜெர்மானியரான ஜோகன்னஸ் வால்தரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தனர். டேவிட் ஸ்டாடர்ட்டும் மண்டபத்தின் பவள அறிஞர் கோபிநாத பிள்ளையும் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். நீருக்குள் மட்டுமே வாழக்கூடிய உயிர் நீருக்கு வெளியே நிற்கிறது என்பது கண்கூடு. நிலம் எழுந்ததா, கடல் தாழ்ந்ததா என்பதை அந்தப் பாறை மட்டும் சொல்லாது. மற்றக் கரைகளோடு ஒப்பிட்ட பிறகே, ஓரிடத்துக்கு உரிய அசைவையும் எங்கும் பொதுவான கடல்மட்ட மாற்றத்தையும் பிரித்தறிய வழி பிறக்கிறது.

அடோல் வழக்கைத் தீர்க்க, இலண்டன் அரச கழகம் 1896 முதல் 1898 வரை பசிபிக்கின் பூனாபூட்டித் தீவில் துளையிட்டது. துளை 340 மீட்டர் ஆழம் சென்றும் அடித்தளப் பாறையைத் தொடவில்லை. மேலே வந்ததெல்லாம் சுண்ணாம்புப் பாறையே. டார்வின் பக்கத்தார் இத்தனை தடித்த சுண்ணாம்பு அமிழ்தலைக் காட்டுகிறது என்றனர். மர்ரே பக்கத்தார் துளை சென்றது திட்டின் வெளிச்சரிவில் சரிந்து குவிந்த சிதைவுகளின் வழியாக என்றனர். ஒரே சான்றை இரு பக்கமும் தமக்கு வெற்றியாகக் கொண்டாடிய இந்த நிலையை, கிழக்குக் கரையின் பழைய தருக்க நூல்கள் மிகத் துல்லியமாகப் பெயரிட்டு வைத்திருந்தன. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு கூறும் திந்நாகர், நல்ல ஏது, அதாவது காரணம் காட்டும் சான்று, நிறுவ வேண்டிய பொருளில் இருக்க வேண்டும், அதையொத்த பொருள்களிலும் இருக்க வேண்டும், ஒவ்வாதவற்றில் இல்லாதிருக்க வேண்டும் என்று மூன்று இலக்கணங்கள் வகுத்தார். இந்தத் தருக்க மரபையே மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் வைத்து உபதேசிக்கிறார். ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவாகாததை அந்நூல் ஏதுப்போலி என்கிறது. இரு தரப்புக்கும் பொருந்தி எதையும் நிறுவாமல் நிற்பதற்கு அநைகாந்திகம் என்று பெயர். பூனாபூட்டித் துளை தந்தது அநைகாந்திகமான ஏது. அது பொய்யன்று, போதாதது.

போதுமான ஏது 1952ஆம் ஆண்டில், பசிபிக்கின் எனிவெடோக் அடோலில் கிடைத்தது. அங்கே இடப்பட்ட இரு துளைகள் 1,267 மீட்டரிலும் 1,405 மீட்டரிலும் எரிமலைப் பாறையைத் தொட்டன. அதன்மேல் கிடந்த சுண்ணாம்பு அடுக்குகளிலோ அடிமுதல் ஆழமற்ற நீரில் வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் இருந்தன. ஒளி வேண்டும் உயிர் ஒளி புகாத ஆழத்தில் கிடக்குமானால், அது வாழ்ந்தபோது அந்தத் தளம் மேலே இருந்திருக்க வேண்டும். பல லட்சக்கணக்கான நூற்றாண்டுகளாக நிலம் அமிழ்ந்தது உறுதியாயிற்று. டார்வினின் அனுமானம் வெளியாகி 110 ஆண்டுகள் கழித்து அதற்கு நுரையும் இலையும் கிடைத்தன எனலாம். அந்த அறிவு எங்கே, எந்தச் சூழலில் கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது: அணுகுண்டுச் சோதனைக்காக அத்தீவு மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர், முதல் ஐதரசன் குண்டும் அதே ஆண்டில் அங்கேதான் வெடிக்கப்பட்டது.

ஆயினும் வழக்கு அங்கே முடியவில்லை. பனிக்காலங்களில் கடல்நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பனிக்கட்டியாக உறைந்துவிடுவதால் கடல்மட்டம் தாழ்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இந்த ஏற்ற இறக்கமே திட்டுகளின் வடிவத்தை ஆள்கிறது என்று ரெஜினால்ட் டேலி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டார். ஆந்த்ரே டிராக்ஸ்லரும் ஸ்டெபான் ஜோரியும் 2021ஆம் ஆண்டில் மாலத்தீவுச் சான்றுகளை முன்வைத்து இதை மேலும் கூர்மையாக்கினர்: கடல் தாழ்ந்தபோது வெளிப்பட்ட தட்டையான சுண்ணாம்பு மேடுகளின் நடுப்பகுதியை மழைநீர் கரைத்துக் குழியாக்க, விளிம்பு உயர்ந்து நின்றது, கடல் மீண்டும் ஏறியபோது அந்த விளிம்பின்மேல் பவளம் வளர்ந்ததே இன்றைய வளையம், இது நிகழ்ந்தது கடந்த 5 லட்சம் ஆண்டுகளில். இலட்சத்தீவும் மாலத்தீவும் நிற்கும் நீண்ட கடலடித் தொடர், இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்தபோது தக்காணத்துக்கு எரிமலைப் பாறையைத் தந்த அதே வெப்பமையத்தின்மேல் உருவானது. 1987ஆம் ஆண்டின் கடலடித் துளையாய்வு மாலத்தீவுப் பகுதியில் 5 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் பழமையான எரிமலைப் பாறையை எடுத்துத் தந்தது. அமிழ்ந்த எரிமலை அடியில் இருக்கிறது என்பதில் டார்வின் சொன்னது நிற்கிறது. அதன்மேல் வளையம் எவ்வாறு அமைந்தது என்பதில் கடல்மட்டத்தின் பங்கு வலுப்பெற்று வருகிறது.

சைவ சித்தாந்தம் ஒரு விளைவுக்கு மூவகைக் காரணம் கூறும்: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். பவளத்திட்டில் சுண்ணாம்பை முதற்காரணம் என்றால், நிலம் அமிழ்வதும் கடல் ஏறி இறங்குவதும் மழைநீர் கரைப்பதும் துணைக்காரணங்கள். ஒரு விளைவுக்குத் துணைக்காரணம் ஒன்றே இருக்க வேண்டும் என்று இரு தரப்பும் எண்ணியதே இந்த விவாதத்தை இவ்வளவு நீளச் செய்தது. துளைப்பொறி ஆராய்வது முதல் இரண்டையும்தான். நிமித்தகாரணம் ஒருவன் உண்டா என்பதை மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகிலிருந்து உய்த்துணர்கிறார். அது உலகம் முழுவதையும் பற்றிய வாதமாதலால் எந்த ஒரு பாறையின் வயதும் அதை நிறுவவோ வீழ்த்தவோ போவதில்லை. இறைவனையே அனுமானத்தால் நிறுவத் துணிந்த ஒரு மரபு, அனுமானத்தின் சட்டத்தைத் தளர்த்திக்கொள்ளலாகாது.

இந்தத் தெளிவோடு மாமல்லபுரத்தை நோக்க வேண்டும். 2002ஆம் ஆண்டில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கரைக்கு அப்பால் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சிதைந்த கட்டுமானங்களைக் கண்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை மணலை அரித்துச் செதுக்குப்பாறைகளை வெளிக்காட்டியது. ஊர்வழக்கு வெறுங்கற்பனை அன்று என்பதற்கு இவை சான்று. ஏழு கோயில்களுக்குச் சான்று அல்ல. 1,300 ஆண்டுகளில் உலகக் கடல்மட்டம் அத்தனை ஆழத்தை விளக்கும் அளவுக்கு உயரவில்லை. கரை அரிப்புக்கே பெரும்பங்கு இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் 2005ஆம் ஆண்டில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த முருகன் கோயிலோ வேறு வகைச் சான்று தருகிறது; பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்தின் அடியில் அதற்கும் முற்பட்ட செங்கல் கோயில் இருக்க, அதைக் கடல்மணல் மூடியிருந்தது. அந்தக் கோயில் கடலுக்குள் போகவில்லை. கடல்தான் ஏறி வந்து, மணலை விட்டுவிட்டுத் திரும்பியது. சில கல் தொலைவுக்குள் இரு கோயில்களை இருவேறு காரணங்கள் வீழ்த்தியிருக்கும்போது, ‘கடல் கொண்டது’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்குவது பொது அடையாளத்தைச் சிறப்பு அடையாளமாகக் கொள்வதே ஆகும்.

இராமேசுவரத்திலிருந்து தலைமன்னார் வரை நீளும் சேதுவைப் பற்றிய வாதங்களுக்கும் இது பொருந்தும். மணல்மேட்டின்மேல் கிடக்கும் பவளத்துண்டின் வயதைக் கொண்டு மேட்டின் வயதை நிறுவ இயலாது; மேட்டின் வயதைக் கொண்டு இராமகாதையின் பொருளை அளக்கவும் இயலாது. ஒரு பாறைத்துண்டின் வயதின்மேல் பக்தியைக் கட்டி எழுப்புபவர், அடுத்த ஆய்வகம் வேறொரு வயதைச் சொல்லும் நாளில் அதை இழக்கச் சம்மதித்தவராகிறார். திருப்பாற்கடலை அடைந்து மலர் சாத்த விரும்பிக் கடல்நீரைக் கையால் இறைத்த புண்டரீக முனிவருக்காகத் திருமால் மாமல்லபுரத்தில் வெறுந்தரையில் பள்ளிகொண்டார் என்ற தலபுராணத்தைக் கேட்டு உருகுபவர் யாரும், எத்தனை நீர் இறைக்கப்பட்டது என்று கேட்பதில்லை. அன்பின் அளவைக் காட்டும் கதை அது. வராகச் சிற்பம் புவியியலை முன்கூட்டியே அறிவித்தது என்று பெருமை பேசுவதும், துளையில் வந்த சுண்ணாம்பு வராகத்தைப் பொய்யாக்கிவிட்டது என்று மகிழ்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள். அன்புக்கு ஏது வேண்டியதில்லை. அன்பின் பெயரால் வரலாற்றைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் சொல்லப்படும் ஒவ்வொரு கூற்றுக்கும் ஏது வேண்டும். எந்த அடையாளம் கிடைத்தால் தம் கூற்றைக் கைவிடுவோம் என்பதை முன்னதாகவே சொல்லத் துணிபவரின் கூற்றுக்கே அறிவு என்ற பெயர் தகும்.

காரணங்கள் பல என்று அறிவது செயலற்றிருப்பதற்குச் சாக்காகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மறைந்ததற்கு, சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமாகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்து, அலையின் வேகத்தைத் தாங்கிவந்த அரணை மனிதர் தகர்த்ததே முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. அமிழும் நிலமும் பனிக்காலமும் அங்கே குற்றவாளிகள் அல்ல. 2001ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆனால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகையாகச் சூடேறியதால் பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளுத்தன. அந்த வெப்பத்துக்கும் மனிதரே பெரும்பொறுப்பு. நிலத்தட்டின் அமிழ்வை எவராலும் நிறுத்த முடியாது. பாரை உடைத்த கடப்பாரையைச் சட்டத்தால் நிறுத்த முடியுமென்றால், கடலைச் சூடாக்கும் புகையையும் குறைக்க முடியும். விளைவிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழி இறுதியில் தன் கையிலேயே வந்து முடியும்போது, அதை வேறொரு காரணத்தின்மேல் ஏற்றிவிடாமல் ஏற்றுக்கொள்வதே அனுமானம் கற்றவரின் அறம்.